மருந்துக் கிடங்கின் சாவி

எங்கள் பள்ளியில் படிக்கும் மாணவன் ஒருவனின் பாட்டிக்கு இனிப்புநீர் நோய். ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுந்து, பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கிளினிக்குப் போனார். வரிசையில் நின்று எண் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துச் சீட்டை நீட்டியபோது பாதி மாத்திரைதான் கிடைத்தது. "ஸ்டாக் வரல பாட்டி, மிச்சத்துக்கு அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பையன் பள்ளிக்கு வந்தான். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டோம். நடந்ததைச் சொல்லிவிட்டு, "டீச்சர், மருந்து வரலன்னா அத யாரு போய்க் கேக்கணும்?" என்றான்.

நாங்கள் விழித்தோம். டாக்டரைக் கேட்கலாமா? அவர் எழுதிக் கொடுப்பவர். தாதியைக் கேட்கலாமா? அவர் ஊசி போடுபவர். அப்படியானால் அந்த மாத்திரை அந்த முகப்புக்கு வந்து சேர்வதற்குப் பொறுப்பானவர் யார்? அவர் என்ன படித்திருக்கிறார்? தோட்டத்துப் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார முடியுமா? இன்றைய பேச்சு அந்தப் பையனுக்கு நாங்கள் காலந்தாழ்த்திச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாத்திரை வந்த வழியைப் பார்ப்போம். மாத்திரைக்குள் இருக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் சீனாவிலோ இந்தியாவிலோ செய்யப்படுகிறது. அது கப்பலில் கிள்ளான் துறைமுகத்துக்கோ, விமானத்தில் சிப்பாங்குக்கோ வருகிறது. இங்குள்ள தொழிற்சாலையில் மாத்திரையாகிறது. சில மருந்துகள் மாத்திரையாகவே வந்து இறங்குகின்றன. விற்பனைக்கு வருமுன் அந்த மருந்து பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1978இல் ஒரு சோதனைக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் அது. அதன்பிறகு பெருங்கிடங்கு, மருத்துவமனைக் கிடங்கு, கிளினிக்கின் அலமாரி, கடைசியில் பாட்டியின் கை. இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் பாட்டி வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 2022ஆம் ஆண்டின் நடுவில் காய்ச்சல் மருந்தும் இருமல் மருந்தும் கிடைக்காமல் நாம் கடை கடையாக ஏறி இறங்கியது நினைவிருக்கும். அது வெகுதூரத்துக் கண்ணிகள் சில தளர்ந்ததால் வந்த வினை.

இந்தச் சங்கிலியைக் கண்காணிக்கும் அரசாங்க அதிகாரியின் வேலை என்ன? கேட்டால் சிரிப்பீர்கள். நம் வீட்டு அம்மாமார்கள் மாதம் முழுவதும் அரிசி டின்னை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்களே, அடிப்படையில் அதே வேலைதான். ஒரு கிளினிக்கில் மாதத்துக்கு 400 அட்டை மாத்திரை செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கேட்டால் வந்து சேர 2 மாதம் ஆகும். அந்த 2 மாதத்துக்கு 800 அட்டை வேண்டும். மழை, கப்பல் தாமதம், பெருநாள் விடுமுறை இவற்றுக்குக் கைகாவலாக இன்னும் ஒரு மாதத்துக்கு 400 அட்டை. ஆக, இருப்பு 1,200ஐத் தொட்ட அன்றைக்கே புதிய கோரிக்கை போய்விட வேண்டும். "இன்னும் 1,200 இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால், மூன்று மாதம் கழித்து எங்கோ ஒரு பாட்டி பாதி மாத்திரையோடு பஸ் ஏறுகிறார்.

பயந்துகொண்டு அளவுக்கு மேல் வாங்கிக் குவித்தால் என்ன என்று கேட்பீர்கள். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி முந்திய பெட்டியை முன்னால் எடுத்துவைத்து முதலில் செலவழிக்க வேண்டும் என்பது கிடங்கின் முதல் விதி. அதையும் மீறிக் குவிந்தால் மருந்து குப்பைக்குப் போகும். அது பொதுமக்கள் பணம். இன்சுலின் போன்ற மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், சூடேறினாலும் கெடும். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு நல்ல இன்சுலின் போலவேகூட இருக்கும். வெப்பமானியைப் பார்த்து எழுதிவைத்த ஏட்டை நம்பித்தான் அது நல்லது என்று கொள்கிறோம். அந்த ஏட்டை ஒருவர் பொய்யாக எழுதினால் என்ன ஆகும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறோம்.

மருந்து வந்து சேர்வது தோட்டத்து மக்களுக்குப் புதிய விஷயமன்று. 1901ஆம் ஆண்டு டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானுக்கு மருத்துவ அதிகாரியாக வந்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட துறைமுகத்தில், அன்று அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர், மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. அவர் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்து, கொசு பெருகும் இடங்களை ஒழித்துக் காய்ச்சலை அடக்கினார். பிறகு சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. கொய்னா மாத்திரையும் அந்தக் காலத்து ஆயுதந்தான். நம் பாட்டன்மார்கள் கசப்போடு விழுங்கிய கொய்னா கடல் கடந்து, ரயிலேறி, தோட்டத்து ஆஸ்பத்திரி அலமாரிக்கு வந்து சேர்ந்தது. அலமாரிக்குச் சாவி வைத்திருந்தவர் டிரெஸ்ஸர். தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. டிரெஸ்ஸர் ஐயா அலமாரியைத் திறந்து பார்த்து, மருந்து குறைகிறது என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுப்பார். அதுவும் இதே வேலைதான், சிறிய அளவில்.

அரசாங்கத்தின் பெரிய அலமாரி அரசு மருந்துக் கிடங்காக இருந்தது. 1994ஆம் ஆண்டு அந்தக் கிடங்கின் கொள்முதலும் விநியோகமும் ஒப்பந்த முறையில் தனியார் வசம் போயின. அந்த நிறுவனம் இன்று பார்மனியாகா என்ற பெயரில் இயங்குகிறது. கிடங்கே தனியாரிடம் போனபிறகு அரசாங்க அதிகாரிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பதுண்டு. வேலை கூடியிருக்கிறது என்பதே எங்கள் எண்ணம். எந்த மருந்தை வாங்குவது என்ற பட்டியலை முடிவு செய்வது, ஒப்பந்தத்தில் வருவது எது, தேசிய டெண்டரில் வாங்குவது எது, மருத்துவமனையே உள்ளூரில் வாங்கிக்கொள்வது எது என்று பிரிப்பது, சொன்ன தேதியில் சொன்ன சரக்கு வந்ததா என்று பார்ப்பது, வராவிட்டால் கேட்பது, இவையெல்லாம் அரசாங்கத்தின் கையில்தான் இருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவரைவிட, வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்கிறவருக்குப் பொறுப்பு குறைவா?

2021 பிப்ரவரி 21ஆம் தேதி பைசர் தடுப்பூசியின் முதல் தொகுதி, 312,390 ஊசிக்கான மருந்து, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இறங்கியது. மைனஸ் 70 பாகைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டிய சரக்கு. மூன்றாம் நாள், 24ஆம் தேதி, நாட்டில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். உறைநிலையிலிருந்து வெளியே எடுத்தால் சாதாரணக் குளிர்பெட்டியில் சில நாட்களே தாங்கும் மருந்தை எந்த மாநிலத்துக்கு எத்தனை, எந்த நாளில், எந்த வண்டியில் என்று கணக்குப் போட்டவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அதே ஆண்டு ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. அப்போது கட்டிலைப்போலவே ஆக்சிஜனும் உயிர் காக்கும் பண்டமாயிற்று. நம்மில் பலருக்கு அந்த மாதங்களில் ஒரு சொந்தக்காரர் அங்கே இருந்தார்.

சரி, அந்த நாற்காலிக்குப் போகும் பாதைக்கு வருவோம். நேர்ப்பாதை மருந்தாளுநர் படிப்பு. அரசாங்க மருத்துவமனையின் மருந்துப் பிரிவுத் தலைவரும், மாநிலச் சுகாதார இலாகாவில் மருந்துப் பிரிவைக் கவனிக்கும் துணை இயக்குநரும், சுகாதார அமைச்சில் மருந்துச் சேவைக்கு மேலாக இருக்கும் மூத்த இயக்குநரும் மருந்தாளுநர்களே. மருந்தியல் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் இப்படிப்பு இருக்கிறது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் பலவுண்டு. பட்டம் வாங்கியபின் ஓர் ஆண்டு தற்காலிகப் பதிவு பெற்ற மருந்தாளுநராகப் பயிற்சி. அந்த ஓராண்டில் நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு கிடங்கு நிர்வாகமும் ஒரு பாடம். மருந்துச் சட்டங்கள் பற்றிய தேர்விலும் தேற வேண்டும். அதன்பிறகே 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுப் பதிவு.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி இந்தப் பாதையில் போனாள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். மூன்றாம் படிவம் முடிந்ததும் அவள், "டீச்சர், கெமிஸ்ட்ரி கஷ்டமாம், கணக்கியல் எடுத்துக்கட்டுமா?" என்று வந்து நின்றாள். கணக்கியல் குறைந்த படிப்பன்று. ஆனால் நான்காம் படிவத்தில் வேதியியலை விட்டால் இந்தக் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தட்டினாலும் திறப்பது கடினம். எஸ்.பி.எம்.மில் வேதியியல், உயிரியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் நல்ல மதிப்பெண், அதன்பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைக் கல்வி, ஆங்கிலத்துக்கு முயெட் தேர்வு, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு யு.பி.யு. இப்படியே ஏணிப்படி. அவள் அழுதுகொண்டே வேதியியல் படித்தாள். முதல் தேர்வில் 38 மதிப்பெண். அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்து, "டீச்சர், பொம்பளப் புள்ளைய ஏன் இப்படி வாட்டுறீங்க?" என்று எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான், அன்று எங்களிடம் சரியான பதிலும் இல்லை.

அண்மையில் அவளைப் பிரிக்பீல்ட்ஸில் பார்த்தோம். அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கி, ரயிலில் வேலைக்குப் போய் வருகிறாள். இன்று கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் மலாயா ரயில்வேயின் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு. சுற்றிலும் ரயில்வே குடியிருப்பு. எத்தனையோ தமிழ்க் கிராணிகள் அங்கே சரக்குக் கணக்கு எழுதியவர்கள். அதை அவளிடம் சொன்னபோது, "நானும் அதேதான் டீச்சர் செய்றேன், ஆனா என் சரக்கு மார்பின்" என்று சிரித்தாள். மார்பின் போன்ற மருந்துகள் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்துக்குள் வருபவை. பூட்டிய அலமாரி, தனி ஏடு, ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு. அந்த அலமாரிச் சாவியைக் கையில் வாங்கிய அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பட்டம் வாங்கியவுடன் நிரந்தர அரசாங்க வேலை என்ற காலம் போய்விட்டது. 2016இன் இறுதியிலிருந்து புதிய மருந்தாளுநர்களையும் டாக்டர்களையும் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் நிரந்தரம் கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காமல் தனியார் மருந்துக்கடைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களும் உண்டு. எங்கள் மாணவியும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள். ஆகவே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தையும் கடனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்கவும். பேராசையில் வீட்டை அடகு வைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நிரந்தரமானவர்களுக்கும் மேல்நாற்காலி உடனே வந்துவிடாது. முன்பு 41 என்று தொடங்கிய பட்டதாரித் தரத்துக்கு 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் 9 என்று எண். அங்கிருந்து படிப்படியாகப் பல ஆண்டுகள் ஏற வேண்டும்.

வேறு கதவுகளும் உண்டு. எஸ்.பி.எம்.மில் அறிவியலும் கணிதமும் நன்றாக வந்தால் மருந்தியல் டிப்ளோமா படித்து உதவி மருந்து அதிகாரி ஆகலாம். கிடங்கில் பெட்டியைத் திறந்து எண்ணி அடுக்கும் அன்றாட வேலையில் பாதிக்கு மேல் இவர்கள் கையில்தான் நடக்கிறது என்று எங்கள் மாணவி சொல்கிறாள். இன்னொரு கதவு நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பதவி, பி.டி.டி. என்பார்கள். எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்முகம், பிறகு இந்தான் என்னும் அரசாங்கப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி. சுகாதார அமைச்சின் கொள்முதல் பிரிவில் டெண்டர் கோப்புகள் இவர்கள் மேசைக்கும் வருகின்றன. மருந்தியல் எட்டாத பிள்ளை பொருளாதாரமோ கணக்கியலோ படித்து இந்த வழியாகவும் அதே கட்டடத்துக்குள் நுழையலாம். கூட்டரசு அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்.பி.ஏ. இணையப் பதிவில். பதிவுக்குக் காலவரையறை உண்டு. ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம்மில் ஏராளம்.

எந்தக் கதவானாலும் வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார். எஸ்.பி.எம். மலாய் மொழித் தாளில் கிரெடிட். அதாவது சி அல்லது அதற்கு மேல். நிரந்தர அரசாங்கப் பதவிக்கு இது இல்லாமல் முடியாது. மற்ற பாடங்கள் அனைத்திலும் ஏ வாங்கியிருந்தாலும் முடியாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எங்களுடைய தவறு ஒன்று இதில் இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் எஸ்.பி.எம். எழுதினான். வேதியியலில் ஏ. தோட்டமே இனிப்பு வாங்கிக் கொண்டாடியது. நாங்களும் மாலை போட்டோம். அவனுடைய மலாய் மொழி மதிப்பெண் டி. தேர்ச்சிதான், சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆகவே அதைப்பற்றி யாரும் பேசவில்லை. அந்தத் தாளை மட்டும் திரும்ப எழுதலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், நாங்கள் சொல்லவில்லை. அப்பாவுக்கு முதுகு வலி, வீட்டில் மூன்று தங்கைகள். பையன் கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். இன்றைக்கும் அங்கேதான். மருந்துப் பெட்டி இறக்குவது, தேதி பார்த்து அடுக்குவது, குளிரறைக் கதவின் வெப்ப ஏட்டில் எழுதுவது. எந்த மருந்து எந்த வரிசையில், எது எப்போது தீரும் என்று மேலாளர் அவனைத்தான் கேட்கிறாராம்.

ஒரு தீபாவளிக்கு வந்தபோது எங்களிடம், "டீச்சர், மேல உக்காந்து ஆர்டர் போடுறவங்க எல்லாம் என்ன படிச்சவங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. நான் அன்னிக்கே மலாய் திருப்பி எழுதியிருந்தா?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

தனிப்பட்ட தேர்வாளராகப் பதிந்து அந்த ஒரு தாளை இப்போதும் எழுதலாம். வயது தடையில்லை. சி கிடைத்தால் முதலில் எஸ்.பி.எம். தகுதிக்குரிய அரசாங்க எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில் இருந்துகொண்டே தொலைக்கல்வியில் பட்டம் படித்தால் அடுத்த படி. இதையெல்லாம் இம்முறை நாங்களே விசாரித்து, ஒரு தாளில் எழுதி, அவனிடம் கொடுத்தோம். இரண்டு வாரம் பதிலே இல்லை. மூன்றாவது வாரம் கிடங்குச் சீருடையோடு, மோட்டார் சைக்கிளில் நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டான்.

இப்போது சனிக்கிழமை மாலைதோறும் ஆறாம் ஆண்டு வகுப்பில், அவன் காலுக்குப் போதாத சின்ன மேசையில் உட்கார்ந்து மலாய்க் கட்டுரை எழுதுகிறான். பக்கத்து மேசையில் பாட்டிக்கு மருந்து கேட்ட அந்தப் பையனும் வீட்டுப்பாடம் செய்கிறான். சென்ற வாரத் தலைப்பு "நான் செய்யும் வேலை". குளிரறையைப்பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை பதினேழு. முந்தின வாரம் முப்பத்தொன்று இருந்தது.